மே மாதம் செர்மாட்: ஸ்கீ பாஸுக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் ஸ்விட்சர்லாந்து போகிறோம். அங்கே செர்மாட் என்ற மலை ஊரில் வருடம் முழுக்க ஸ்கீயிங் உண்டு என்று சொல்லி, பாஸ் (மலையேற்றும் லிஃப்டுகளுக்கான சீட்டு), வாடகைச் சாமான், ஒருநாள் பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏஜென்ட் முன்பணம் கேட்கிறார். நாங்கள் யாருமே பனியைத் தொட்டதில்லை. கட்டலாமா, இல்லை குளிர்காலத்துக்கு மாற்றலாமா?

பதில்: ஸ்கீயிங்குக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். ஏஜென்ட் சொன்னது பொய் இல்லை, ஆனால் அந்த ஸ்கீயிங் உங்களுக்கானது இல்லை. ஊர் இருப்பது 1,600 மீட்டர் சொச்சத்தில். குளிர்காலம் முடிந்தபின் சறுக்க வேண்டுமென்றால் கேபிள் காரில் 3,883 மீட்டர் வரை ஏறி அங்கே உள்ள தியோடுல் பனியாற்றின் மேல்தான் சறுக்க முடியும், அதுவும் காலையில் மட்டும், வெயில் ஏறினால் பனி கூழாகிவிடும். பெரும்பாலும் பந்தய வீரர்கள் பயிற்சி எடுக்கிற இடம் அது. அந்த உயரத்தில் நாலு அடி நடந்தாலே மூச்சு வாங்கும், முதல்முறை ஸ்கீ மாட்டுகிற பிள்ளையை அங்கே நிறுத்தக் கூடாது. 2022 ஜூலை கடைசியில் வெப்பம் தாங்காமல் கோடை ஸ்கீயிங்கையே நிறுத்திவைத்தார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

மே மாதமே அங்கே இரண்டுங்கெட்டான் காலம். ஹோட்டல்களும் உணவகங்களும் பல பூட்டியிருக்கும், சில லிஃப்டுகள் பராமரிப்புக்காக நிற்கும், ஏரிகளைச் சுற்றி நடக்கிற பாதைகளில் பனியும் சேறும் கிடக்கும். அதனால் உங்கள் தேதியில் எது ஓடும், ஓடாவிட்டால் பணம் திரும்ப வருமா என்று எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தை போதாது.

பனி பார்ப்பதுதான் ஆசை என்றால் கோர்னர்கிராட் ரயிலில் போங்கள். 1898-லிருந்து ஓடுகிறது, 3,089 மீட்டர் வரை ஏற்றிவிடும், மே மாதத்திலும் மேலே பிள்ளைகள் விளையாடப் பனி இருக்கும், எதிரே மேட்டர்ஹார்ன் சிகரம் முழுசாக நிற்கும். டிக்கெட்டை முன்கூட்டி வாங்காமல், அன்று காலை மலைமேல் உள்ள கேமராவை இணையத்தில் பார்த்துவிட்டு மேகம் இல்லையென்றால் வாங்குங்கள். ஹாஃப் ஃபேர் கார்டு என்ற ஸ்விஸ் சலுகை அட்டை இருந்தால் பாதிக் கட்டணம். அப்புறம், பேக்கேஜில் வாடகைக் கார் இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். செர்மாட்டுக்குள் பெட்ரோல், டீசல் கார் விடமாட்டார்கள், டேஷ் என்ற ஊரில் கட்டணம் கட்டி நிறுத்திவிட்டு 12 நிமிடம் ரயிலில்தான் போக வேண்டும்.

ஸ்கீயிங்தான் வேண்டும் என்றால் டிசம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் போங்கள். அரையாண்டு விடுமுறையில் போனால் கிறிஸ்துமஸ் கூட்டமும் விலையும் சேர்ந்துவரும், பொங்கலையொட்டிப் போக முடிந்தால் அறை வாடகை இறங்கியிருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு சுன்னெகா பக்கம் தனி இடமே உண்டு. மலைக்கு அந்தப் பக்கம் லிஃப்டால் இணைந்த இத்தாலியின் செர்வினியாவும் சேர்ந்த பாஸை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், விலை அதிகம், பழகுகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. பலமான காற்று அடித்தால் அந்த இணைப்பு மூடிவிடும் வேறு.

ஸ்கீ, பூட்ஸ், ஹெல்மெட் மூன்றையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள், கால் அளவு பார்த்துத் தருவார்கள். நனையாத கையுறையும் கண்ணாடியும் மட்டும் சொந்தமாக வாங்குங்கள். காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்: சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் ஸ்கீயிங் விபத்து சேராது, ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் அந்தச் செலவு உங்கள் பெயரில்தான் வரும். பாலிசியில் குளிர்கால விளையாட்டு, மலை மீட்பு இரண்டும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.