குறைந்த காசில் பழைய இசைத்தட்டு வாங்கப் போகிறவருக்கு

கேள்வி: கோப்பாயில் ஆசிரியையாக இருக்கிறேன். லண்டனிலிருந்து வந்த மாமா ஓடியோ டெக்னிக்கா எல்பி60 பிளேயர் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். பழைய தமிழ்ப் பாட்டும் நாதஸ்வரமும் தட்டில் கேட்க ஆசை. அக்காவின் கலியாணத்துக்குக் கூறை எடுக்க அடுத்த மாதம் சென்னைக்குப் போகிறோம். அப்படியே பழைய தட்டுக் கடைகளுக்கும் போகலாம் என்றிருக்கிறேன். கையில் பெரிதாகக் காசில்லை. ஏமாறாமல் வாங்குவது எப்படி? யாழ்ப்பாணத்திலேயே கிடைக்குமா? அம்மப்பா வீட்டில் ஒரு பெட்டி நிறையத் தட்டுகள் இருக்கின்றன. அவற்றை இந்தப் பிளேயரில் போடலாமா?

பதில்: கடைசிக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன். அவசரமாகச் சொல்ல வேண்டியது அதில்தான் இருக்கிறது.

அம்மப்பாவின் பெட்டியில் ஒரு தட்டை எடுத்துப் பாருங்கள். பத்து அங்குல அகலம், கையில் நல்ல பாரம், வளைத்தால் வளையாது, ஒரு பக்கத்துக்கு ஒரே பாட்டு, அதுவும் மூன்று நிமிடத்துக்குக் கிட்ட. இப்படி இருந்தால் அது நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் 78 சுற்றுத் தட்டு. அரக்குக் கலவையில் செய்தது, கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். உங்கள் பிளேயரில் 33, 45 என்ற இரண்டு வேகங்கள்தான் உண்டு. வேகம் ஒருபுறம் இருக்க, ஊசியும் சரிவராது. 78 தட்டில் ஊசி ஓடும் தடம், எல்பி எனப்படும் பெரிய 33 சுற்றுத் தட்டின் தடத்தைவிட இரண்டு மூன்று மடங்கு அகலம். எல்பிக்கான மெல்லிய ஊசி அதன் அடியில் கிடக்கும் தூசியிலே உரசிக்கொண்டு போகும். சத்தம் கெடும், ஊசியும் கெடும். ஆகவே அவற்றைப் போட வேண்டாம். ஆனால் எறியவும் வேண்டாம். அந்தப் பெட்டியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி யாழ்ப்பாணம். இங்கே பழைய தட்டுக்கென்றே ஒரு கடையைத் தேடி அலையாதீர்கள், ஆட்களைத் தேடுங்கள். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் ரெக்கோடிங் பார்கள் வந்து, எல்பியில் இருந்ததைக் கசெட்டில் பதிந்து கொடுத்தன. வீடுகளில் தட்டு வாங்கும் பழக்கம் அதோடு குறைந்தது. தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றிப் பாட்டுக் கேட்ட காலத்தில் தட்டு யாருக்கு உதவும்? 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஒரு இரவுக்குள் வெளிக்கிட்ட சனம் பாரமான தட்டுகளைத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது. அப்படி இருந்தும் தப்பியவை இருக்கின்றன.

முதலில் விசாரிக்க வேண்டியது ஒலிபெருக்கி வாடகைக்கு விட்ட பழைய ஆட்களிடம். கோயில் திருவிழா, கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு என்று ஊர் முழுக்கப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள். ஊரிலேயே பெரிய சேகரிப்பு அவர்களிடம்தான் இருந்தது. ஆனால் அவர்களின் தட்டுகள் உழைத்த தட்டுகள்: பாரமான ஊசி, திறந்த வெளி, தூசி. மலிவாகத் தந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்தது, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விற்கவோ இடிக்கவோ போகும் பழைய வீடுகள். அலுமாரிகளை வெளியே இழுக்கும் நாளுக்கு முன்பே சொல்லிவைத்தால்தான் கைக்கு வரும். குருநகர், பாசையூர்ப் பக்கத்து வீடுகளில் நத்தார்ப் பாட்டுகளும் ஜிம் ரீவ்ஸும் இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். பழைய இரும்புக்காரருக்கும் உங்கள் போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். பிளேயரையும் ரேடியோகிராமையும் இரும்பு விலைக்கு எடுக்கிறவர் கூடவரும் தட்டுகளைப் பெரும்பாலும் குப்பை என்றுதான் நினைப்பார்.

சரி, கடைக்குள் போனதும் என்ன செய்வது? குறைந்த காசில் வாங்குகிறவருக்கு உறை முக்கியமில்லை. விலையை ஏற்றுவதில் உறைக்கும் பெயருக்கும் பெரிய பங்கு உண்டு, பாட்டோ தடத்தில் இருக்கிறது. மட்டை கிழிந்து, யாரோ பேனையால் பெயர் எழுதி, ஆனால் தட்டு பளபளவென்று இருந்தால் அதுதான் உங்களுக்கான தட்டு. சேகரிப்பாளர் அதை ஒதுக்குவார், கடைக்காரரும் விலை குறைப்பார்.

தட்டை உறையிலிருந்து எடுக்கும்போது விரல் தடத்தில் படக்கூடாது. ஓரத்தையும் நடு லேபிளையும் மட்டும் பிடியுங்கள். கடைக்காரர் உங்களை மதிக்கத் தொடங்குவதும் அந்த இடத்தில்தான். போன் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, தட்டை மெதுவாகத் திருப்புங்கள். மேலே முடி போல ஓடும் மெல்லிய கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். பல நேரம் அவை காதுக்கே கேளாது. கீறல் தெரிந்தால் நகத்தின் நுனியால் மிக மெதுவாகத் தடவிப் பாருங்கள். நகம் தடக்கினால் ஊசியும் தடக்கும். கீறல் தடங்களைக் குறுக்கே வெட்டிப் போனால் ‘டிக்’, ‘டிக்’ என்று கேட்கும். 33 சுற்றுத் தட்டில் 1.8 செக்கனுக்கு ஒரு தடவை, கீறல் முடியும் வரை. அதைச் சகிக்கலாம். கீறல் தடத்தோடு சேர்ந்து வளைந்து ஓடினால்தான் ஆபத்து: ஊசி பாயும், அல்லது அதே சொல்லிலேயே நின்று சுற்றும். அப்படிப்பட்டதைச் சும்மா தந்தாலும் வேண்டாம்.

கீறலைவிட மோசமானது தேய்மானம், ஆனால் புதிதாக வாங்குகிறவர் அதைக் கவனிப்பதில்லை. நல்ல தட்டு ஆழ்ந்த கறுப்பாக மினுங்கும். பாரமான ஊசி நூற்றுக்கணக்கில் ஓடிய தட்டில் தடம் சாம்பல் பூத்தது மாதிரி மங்கிக் கிடக்கும். அது ஊத்தை இல்லை, பிளாஸ்டிக்கே அரைபட்டுப் போனது. எதைக் கொண்டு கழுவினாலும் திரும்பி வராது. குறிப்பாக ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டை, அதாவது லேபிளுக்குக் கிட்ட இருக்கும் வளையத்தைப் பாருங்கள். உள்ளே போகப் போக ஒரு சுற்றின் நீளம் குறைவதால் ஒலி நெருக்கமாகப் பதிந்திருக்கும், தேய்மானம் முதலில் அங்கேதான் காதில் தெரியும். உரத்த குரலும் நாதஸ்வரமும் அந்த இடத்தில் கரகரக்கும்.

இன்னொரு அடையாளம், நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் தெரியும் மெல்லிய சுவடுகள். தட்டை வைக்கும்போது பிளேயரின் நடுக் கம்பி ஓட்டையைத் தேடி லேபிளில் உராய்ந்த கோடுகள் அவை. சுவடு இல்லாவிட்டால் அதிகம் போடப்படாத தட்டு. வலைபோல நிறைந்திருந்தால் விலையைப் பேசுங்கள், அல்லது வைத்துவிடுங்கள். எனக்கு இந்த ஒரு அடையாளத்தில் விற்பவர் சொல்லும் கதையைவிட நம்பிக்கை அதிகம்.

பிறகு கண் மட்டத்துக்குத் தட்டைப் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கும் அஸ்பெஸ்ரஸ் கூரைக்கும் தட்டு வளையாமல் இருப்பது பெரிய காரியம். ஓரம் இலேசாக அலைபோல ஏறி இறங்கினால் ஊசி சமாளிக்கும். ஒரே இடத்தில் சட்டென்று தூக்கியிருந்தால் ஊசி துள்ளும். வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தால் பயப்படாதீர்கள், பெரும்பாலும் கழுவிப் போக்கலாம். விலை குறைக்க நல்ல காரணமும் கூட.

லேபிளில் உள்ள எண்ணும் உறையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்ப்பதை மறக்க வேண்டாம். ஒரு படத்தின் உறைக்குள் வேறு படத்தின் தட்டு இருப்பது பழைய கடைகளில் வழக்கம். ஏமாற்று என்றே எடுக்கத் தேவையில்லை, கைமாறிக் கைமாறி அப்படியாகிவிடும். தமிழ்ப் படத் தட்டுகளில் இன்னுமொரு கவனம் வேண்டும். எல்பியாக வந்தவற்றில் கதைவசனத் தட்டுகளும் பல. உறையில் நடிகர் படத்தைப் பார்த்துப் பாட்டென்று நினைத்து வாங்கி, வீட்டுக்கு வந்து வசனம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வசனமும் கேட்கச் சுகம்தான், ஆனால் தெரிந்து வாங்குங்கள். எச்எம்வி கொம்பனி எல்பிகளில் எண்ணுக்கு முன்னால் ஈசிஎல்பி என்றிருந்தால் மோனோ, ஈசிஎஸ்டி என்றிருந்தால் ஸ்டீரியோ. மோனோ என்பதற்காக ஒதுக்காதீர்கள். ஐம்பது அறுபதுகளின் பாட்டுக்கு அதுதான் இயல்பான ஒலி.

எதை வாங்குவது என்பதில் எனக்குத் திட்டமான கருத்து உண்டு. எண்பதுகளில் எக்கோ கொம்பனி வெளியிட்ட இளையராஜா தட்டுகளின் பக்கம் குறைந்த காசோடு போகாதீர்கள். அவற்றுக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், தேய்ந்த தட்டுக்கும் பெரிய விலை சொல்வார்கள். மனம் கேட்காவிட்டால் ஒன்றே ஒன்று, நல்ல நிலையில் உள்ளதாக வாங்குங்கள். மற்றக் காசை ஆள்போட்டி குறைந்த இடத்தில் போடுங்கள். உங்கள் நல்ல காலம், நீங்கள் விரும்பும் நாதஸ்வரம் அங்கேதான் இருக்கிறது. காருகுறிச்சி அருணாசலம், நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா ஆகியோரின் எல்பிகளுக்குத் திரையிசைத் தட்டுகளுக்கு உள்ள அடிபிடி இல்லை. கர்நாடக இசைத் தட்டுகள் பல வீடுகளில் விரதநாளுக்கு மட்டும் வெளியே வந்தவை. அதனால் தேய்மானமும் குறைவு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதத் தட்டு 1963இல் வந்து ஏராளமாக விற்றது. ஏராளமாக இருக்கும் தட்டுக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை, நல்ல பிரதி கிடைக்கும் வரை பொறுக்கலாம். ஏழு அங்குல ஈபிகளையும் பாருங்கள். படப் பாட்டு மூன்று நான்கு இருக்கும், எல்பியைவிட விலை குறைவு, பையில் இடமும் குறைவு.

சென்னையில் தொடங்க வேண்டிய இடம் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மூர் மார்க்கெட் வளாகம், அல்லிக்குளத்துப் பக்கம். பழைய மூர் மார்க்கெட் கட்டடம் 1985இல் எரிந்துபோனது. அதற்குப் பிறகு கடைகள் இங்கே வந்தன. பழைய புத்தகத்தோடு பழைய தட்டு விற்பவர்களும் அங்கே உண்டு. கூறை எடுக்கும் நாளோடு இதைச் சேர்க்க வேண்டாம். தி. நகரில் சேலை பார்த்து முடிப்பதற்குள் எல்லாருக்கும் கால் ஓய்ந்துவிடும், உங்களை அவசரப்படுத்துவார்கள். தனியாக ஒரு காலைப்பொழுதை ஒதுக்கி, நாளாந்தக் கூட்டம் வருமுன் போங்கள்.

போனதும் ‘என்ன விலை’ என்று தொடங்காதீர்கள். ‘நாதஸ்வரம் இருக்கா, பழைய ஈபி இருக்கா’ என்று கேளுங்கள். மேலே அடுக்கியிருப்பது வாடிக்கைக்காரர் எல்லாரும் கிண்டிய அடுக்கு; கீழே குந்தி இருந்து பார்க்க வேண்டிய பெட்டியில்தான் உங்கள் விலையில் தட்டு இருக்கும். பிடித்ததை எல்லாம் ஒரு பக்கம் சேர்த்து, கடைசியில் மொத்தமாக விலை பேசுங்கள். ஒன்றொன்றாகப் பேரம் பேசினால் பத்து ரூபாய் குறையும், எட்டுத் தட்டாகப் பேசினால் ஒரு தட்டே சும்மா வரும். கடையில் பிளேயர் இருந்தால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முதல் பாட்டைக் கேட்க வேண்டாம், ஊசியைக் கடைசிப் பாட்டில் வைக்கச் சொல்லுங்கள். காரணம் மேலே சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் முகம் சுளித்தால் அந்தத் தட்டை விட்டுவிடலாம்.

கொண்டுவருவது பற்றி: உறையோடு ஒரு எல்பி கால் கிலோவுக்குக் கிட்ட வரும். பத்துத் தட்டு என்றால் இரண்டரைக் கிலோ. விமானத்தின் அடியில் போகும் பெட்டிக்குள் வைக்கவே வேண்டாம், கைப்பையில் வையுங்கள். இரண்டு பக்கமும் தடித்த காட்போட் மட்டை வைத்து, இறுக்காமல் கட்டி, நிமிர்த்தி வைக்க வேண்டும். பலாலிக்கு வருவது சின்ன விமானம், தலைக்கு மேல் பை வைக்கும் இடமும் ஒடுக்கம். காலடியில் வைக்கும் அளவுக்கு மெல்லிய பையாக இருந்தால் நல்லது. பலாலியிலிருந்து வீட்டுக்கு வரும்போது வானின் பின் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அரை மணித்தியாலம் போதும் வளைவதற்கு.

வீட்டுக்கு வந்ததும் போடமுன் கழுவுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி, மெல்லிய மைக்ரோபைபர் துணி, தடம் போகும் திசையிலேயே துடைப்பு, பிறகு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீரால் ஒரு அலசல். லேபிள் நனையக்கூடாது. நிழலில் நிமிர்த்திக் காயவிடுங்கள். உங்கள் பிளேயரின் ஊசியைக் கழற்றி மாற்றலாம். ஏடிஎன்3600எல் என்ற பெயரில் தனியாகக் கிடைக்கும். மாமா எத்தனை காலம் பாவித்தார் என்று கேளுங்கள். பல வருடம் ஓடிய ஊசி என்றால், ஒரு தட்டுக் குறைத்து வாங்கியாவது புது ஊசியை முதலில் போடுங்கள். தேய்ந்த ஊசி நீங்கள் தேடித் தேடி வாங்கியதை எல்லாம் அரைத்துவிடும்.

இனி அம்மப்பாவின் பெட்டி. அந்த 78 தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். ஸ்பிரிட்டால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். ஒரு நாள் ஒவ்வொரு லேபிளையும் இரு பக்கமும் படமெடுத்துப் பட்டியல் போடுங்கள். ராஜரத்தினம்பிள்ளையின் நாதஸ்வரம் 78 தட்டுகளில்தான் முதலில் வீடுகளுக்கு வந்தது; அப்படி ஒன்று அதற்குள் இருக்கக்கூடும். பெட்டிக்குள் எழுபதுகளின் ஈழத்துப் பொப் பாட்டுத் தட்டு ஏதும் கலந்து கிடந்தால், ஏ.ஈ. மனோகரனோ நித்தி கனகரத்தினமோ யாராக இருந்தாலும், அதைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் இங்கேயே பதிந்து இங்கேயே விற்ற தட்டுகள் சென்னைக் கடைகளில் தேடினால் அகப்படுவது கடினம். விற்க நினைத்தாலும் அதற்கு முன், ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேமிக்கும் ‘நூலகம்’ நிறுவனத்தோடு பேசி ஒலியையும் லேபிளையும் எண்ணிமப்படுத்திக் கொள்ளுங்கள். பட்டியல் போட்டு முடிந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். எதை வைத்திருக்கலாம், எதைக் கொடுத்து மாற்றுத் தட்டு எடுக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.