'ஹேங் ஆன்' என்றால் போனை வைக்கச் சொல்கிறார்களா?

இல்லை, "கொஞ்சம் இருங்கள்" என்றுதான் அர்த்தம். காரைக்குடி ஹோட்டல் வரவேற்பில் வேலை பார்க்கும் நீங்கள், லண்டன் விருந்தினர் போனில் அப்படிச் சொன்னதும் வைத்துவிட்டீர்களே, வைக்கச் சொல்வது 'ஹேங் அப்'.

பின்னால் வரும் சின்னச் சொல்தான் குழப்பியிருக்கும். பழைய சுவர் டெலிபோனில் ரிசீவரைக் கொக்கியில் மாட்டினால், அந்த எடையில் கொக்கி இறங்கி இணைப்பு அறுந்துவிடும். மாட்டுவதுதான் 'ஹேங் அப்'. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் அப்படி ஒன்று கண்ணில் பட்டால், கொக்கியை விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் மறக்கவே மறக்காது.

அடுத்த முறை சந்தேகம் வந்தால் வைக்காமல், "ஷல் ஐ ஹோல்ட்?" என்று கேளுங்கள். 'யெஸ்' என்றால் காத்திருங்கள்.

ஒன்று கவனம்: 'ஹேங் ஆன்' நண்பர்களுக்குள் பேசுவது. நீங்கள் விருந்தினரிடம் "குட் (could) யூ ஹோல்ட், ப்ளீஸ்?" என்றே சொல்லுங்கள். நாம் சொல்லும் 'கட் த கால்' இங்கே எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டார் சிலருக்குப் புரியாது. லைன் தானாகப் போயிருந்தால், திரும்ப அழைத்து "சாரி, வி காட் கட் ஆஃப்" என்றால் போதும்.

அந்த லண்டன் விருந்தினரை இன்றே கூப்பிட்டுவிடுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.