நாத்தனார் ஆதாரில் கொடுத்த கருமுட்டை

கேள்வி: எனக்கு வயது 31. போன வருடம் கடன் நெருக்கடியில் ஒரு புரோக்கர் மூலம் கருமுட்டை கொடுத்தேன். இந்த வருடமும் கூப்பிட்டார். ஒரு தடவைதான் கொடுக்கலாமாம். அதனால் நாத்தனாரிடம் வேறு காரணம் சொல்லி ஆதார் கார்டை வாங்கி, அவர் பெயரில் கொடுத்தேன். பேசியது 40,000 ரூபாய், தந்தது 15,000. அப்புறம் வயிறு வீங்கி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கணவருக்குத் தெரியாது. என் குழந்தை எங்கேயோ வளர்கிறது என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. மீதிப் பணத்துக்குப் போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: குழந்தை விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்கைக் கருத்தரிப்பை முறைப்படுத்தும் 2021 சட்டப்படி, பிறக்கும் குழந்தை கருமுட்டையைப் பெற்றுக்கொண்ட தம்பதியின் குழந்தை. உங்களுக்கு உரிமை இல்லை. மீதி 25,000-மும் வராது. கருமுட்டையை விற்பதே குற்றம் எனும்போது அதற்குப் பேசிய விலையை எந்த நீதிமன்றமும் வசூலித்துத் தராது. சட்டவிரோதமான ஒப்பந்தம் செல்லாது என்கிற ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவு அங்கேயே கதவைச் சாத்திவிடும். புரோக்கர் ஏமாற்றினார் என்கிறீர்கள். ஏமாற்றத்தான் செய்வார்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே வரி: நாத்தனாரின் ஆதார்.

ஸ்டேஷன் வாசலில் டைப் அடித்த மனுவோடு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பாக்கிப் பணத்துக்காக எழுதிய மனுவில், தான் செய்த குற்றத்தைத் தேதியோடு தானே எழுதியிருப்பார்கள். நீங்கள் எனக்கு எழுதியதை அப்படியே மனுவாகக் கொடுத்தால், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதாக உங்கள் மீதே வழக்கு வரலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 319-வது பிரிவில் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை உண்டு. 2022-ல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியின் கருமுட்டையை விற்ற விவகாரம் வெளியே வந்தபோதும், விசாரணையில் போலி ஆதார் அடிபட்டது. அந்தச் சிறுமி பாதிக்கப்பட்டவர். உங்களுக்கு 31 வயது, தெரிந்தே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

இன்னொன்றை நீங்கள் யோசித்த மாதிரித் தெரியவில்லை. தானம் கொடுப்பவருக்கு 12 மாத இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்பது விதி. எடுத்திருந்தாலும் அது நாத்தனார் பெயரில்தான் இருக்கும், படுத்திருந்தது நீங்கள். நாளைக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால், இது உங்களுக்குத்தான் நடந்தது என்று காட்ட ஒரு காகிதம் கிடையாது. பாவம், அந்த நாத்தனார் வாழ்நாளில் ஒரே தடவை கொடுக்கக்கூடியதைக் கொடுத்துவிட்டதாகப் பதிவாகியிருக்கிறது.

புரோக்கர் மீது நடவடிக்கை வேண்டும் என்றால் வழி இருக்கிறது. தானம் கொடுப்பவரைச் சுரண்டுவதும் அந்த 2021 சட்டத்தில் குற்றம்தான், முதல் தடவைக்கே 5 முதல் 10 லட்சம் வரை அபராதம். ஆனால் ஒரு கிரிமினல் வக்கீல் நேரில் எல்லாக் காகிதத்தையும் பார்த்த பிறகு, அவர் எழுதித் தரும் மனுவோடுதான் போக வேண்டும்.

அது வேண்டாம் என்றால் பணத்தை விட்டுவிடுங்கள். நான் உங்கள் வக்கீலாக இருந்தால் இதைத்தான் சொல்வேன். ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டும் பேசிப் பார்க்கலாம், பில் தொகைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்காதீர்கள். "பாக்கி தருகிறேன், இதில் ஒரு கையெழுத்துப் போடு" என்று வெற்று ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். புரோக்கரோடு பேசிய வாட்ஸ்அப் எதையும் அழிக்க வேண்டாம். அழித்தால் அதற்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

கணவரிடம் சொல்வதா வேண்டாமா என்பது சட்டக் கேள்வி இல்லை. ஆனால் சம்மன் வந்தால் வீட்டு வாசலுக்குத்தான் வரும். நாத்தனாரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். வேறு ஆதாரோடு புரோக்கர் மூன்றாவது தடவை கூப்பிட்டால் போனையே எடுக்காதீர்கள்.