வெயில் இருந்தும் வீட்டில் ஏன் மின்சாரம் இல்லை? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: கூரையில் சோலார் பேனல் வைத்திருக்கிறோம், பேட்டரி வைக்கவில்லை. நடுப்பகலில் மின்தடை வந்தபோது எங்கள் வீட்டு மின்விசிறியும் நின்றுவிட்டது. இது பழுதா?

பதில்: பழுதன்று, பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் கருவிதான் இன்வெர்ட்டர். பொது மின் இணைப்போடு சேர்ந்து இயங்கும் இன்வெர்ட்டர், தெருக் கம்பியில் மின்சாரம் நின்ற மறுகணமே தானும் நின்றுவிடும். இல்லாவிட்டால் உங்கள் கூரையில் உற்பத்தியாகும் மின்சாரம் அந்தக் கம்பியில் பாய்ந்து, இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டது என்ற நம்பிக்கையில் அதைத் தொடும் பணியாளரின் உயிரைப் பறித்துவிடக்கூடும். விற்பவர் இதை முதல் நாளே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமானால், பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் வகை இன்வெர்ட்டர் தேவைப்படும். ஆனால் வீடு முழுவதையும் அதில் ஏற்ற வேண்டாம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் நான்கும், 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் சுழலும் புதுவகை மோட்டார் கொண்ட) மின்விசிறிகள் இரண்டும் சேர்ந்து 100 வாட்டைத் தாண்டுவதில்லை. ஐந்து மணி நேரம் ஓடினாலும் அரை யூனிட்தான். அதே இடத்தில் 75 வாட் பழைய மின்விசிறிகள் இருந்தால் அந்த அரை யூனிட் மூன்று மணி நேரத்திற்குள்ளேயே தீர்ந்துவிடும். ஆகவே பேட்டரியின் அளவைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால் மின்விசிறியை மாற்றுங்கள் என்பதே என் யோசனை. பேட்டரி வாங்க மனமில்லை என்றால், தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றின் வேலையை மாலையிலிருந்து உச்சி வெயில் நேரத்திற்கு மாற்றி, பேனலின் மின்சாரத்தை அப்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: பயன்படுத்தாத செல்போன் சார்ஜரைப் பிடுங்கி வைத்தால் மின்சாரம் மிச்சமாகுமா?

பதில்: மிக மிகச் சிறிதளவு. இக்காலத்துச் சார்ஜர் வெறுமனே செருகியிருக்கும்போது அரை வாட் கூட இழுப்பதில்லை. அதைப் பிடுங்க மறக்காதவர்கள், தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்துவிட்டு, அடியில் இருக்கும் செட்-டாப் பாக்ஸை அப்படியே விட்டுவிடுவதுதான் வேடிக்கை. அது 10 வாட் இழுப்பதானால் ஓராண்டில் ஏறக்குறைய 88 யூனிட் ஆகிவிடும்.

கேள்வி: குளிக்க வெந்நீர் வேண்டும். சோலார் பேனலின் மின்சாரத்தில் கீசரை ஓட்டலாமா, தனியே சோலார் வாட்டர் ஹீட்டர் வைக்கலாமா?

பதில்: 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரி செல்சியசுக்குக் கொண்டுவர, வீணாவது போக, சுமார் 2.3 யூனிட் தேவை. பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. வாட்டர் ஹீட்டரோ வெயிலை நேரடியாகச் சூடாக வாங்கிக்கொள்வதால், நல்ல வெயிலில் பாதியளவையாவது தண்ணீருக்குத் தந்துவிடும். கூரையில் இடம் குறைவாக உள்ள வீட்டுக்கு வாட்டர் ஹீட்டரே ஏற்றது. மேகமூட்டமான நாள்களுக்காக அதனுள் மின்சூடாக்கி ஒன்றும் இருக்கட்டும். ஆனால் அதன் சுவிட்சை எப்போதும் போட்டு வைக்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒரு பேனலின் ஓரத்தில் மட்டும் விழுகிறது. இதனால் பெரிய இழப்பு உண்டா?

பதில்: நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய இழப்பு. பேனலுக்குள் இருக்கும் செல்கள் சரத்தில் கோத்த மணிகளைப் போல ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒரு செல்லில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் தளர்ந்துபோகும். பெரும்பாலான பேனல்களில் உள்ள மூன்று பைபாஸ் டையோடுகள் நிழல்பட்ட பகுதியைத் தவிர்த்து மின்னோட்டத்தைக் கடத்திவிடும் என்றாலும், பேனலின் மூன்றில் ஒரு பங்கு அந்நேரத்தில் பயனற்றுப்போகலாம். தொட்டியை நகர்த்த முடியாவிட்டால் அந்த ஒரு பேனலையாவது இடம் மாற்றுங்கள். துணி காயப்போடும் கொடியும் அதன் முன்னால் வேண்டாம்.