ஒன்றரை மடங்கு வேகத்தில் ஒரு நாடகம்

வணக்கம் சார்,

பழைய அமெரிக்க வானொலி நாடகங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இணையத்தில் தேடிக் கேட்டேன். ‘லக்ஸ் ரேடியோ தியேட்டர்’ வரிசையில் சிலவற்றை எடுத்தேன். எல்லாம் எனக்குப் பிடித்த ஹாலிவுட் படங்களின் நாடக வடிவம். ஆனால் படம் இல்லாத குறை உறுத்திக்கொண்டே இருந்தது. நடிப்பும் மிகை. வேலைக்கு நடுவே ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால்தான் முடிக்க முடிகிறது. 1938-இல் செவ்வாய் கிரகவாசிகள் படையெடுப்பதாக வந்த ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே பீதியடைந்தது உண்மையா? எங்கிருந்து தொடங்கலாம் என்று ஒரு பட்டியல் தருவீர்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொஞ்ச நாளாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

வெல்ஸ் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பயந்தவர்கள் இருந்தார்கள். நாடே பீதியில் மூழ்கியது என்பது செய்தித்தாள்கள் ஊதிப் பெருக்கியது. இந்தக் கலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் அந்த ஒரு இரவோடு நிறுத்திக்கொள்கிறார்கள், எனக்கு அதில்தான் வருத்தம். மிகை நடிப்பு சில இடங்களில் உண்டு, போகட்டும்.

ஆனால் படம் இல்லாத குறை என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விடமாட்டேன். நீங்கள் தேடிப்பிடித்துக் கேட்டதெல்லாம் திரைப்படங்கள். முழுநீளப் படத்தை விளம்பரத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குள் அடக்கியவை. கண்ணுக்காக எழுதிய கதையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டால் குறைதானே தெரியும்? காதுக்கென்றே எழுதியதில் ஒன்றையாவது கேட்டீர்களா?

‘சஸ்பென்ஸ்’ நிகழ்ச்சியில் 1943 மே மாதம் ஒலிபரப்பான ‘சாரி, ராங் நம்பர்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லூசில் ஃப்ளெச்சர் எழுதியது. படுக்கையோடு கிடக்கும் ஒரு பெண் கணவனுக்குப் போன் போடுகிறாள். லைன் மாறி, இரண்டு ஆண்கள் அன்றிரவு ஒரு பெண்ணைக் கொல்லப் பேசிக்கொள்வது காதில் விழுகிறது. பாலத்தில் ரயில் போகும் சத்தத்தில் அலறல் வெளியே கேட்காது என்பது வரை கணக்குப் போட்டிருக்கிறார்கள். அவள் ஆபரேட்டரிடம் சொல்கிறாள், போலீசிடம் சொல்கிறாள். யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆக்னெஸ் மூர்ஹெட்டின் குரலில் அவள் சிடுசிடுப்பும் சுயபச்சாதாபமும் நிறைந்தவள். முதலில் நமக்கே எரிச்சல் வரும். பிறகு அந்தச் சிடுசிடுப்பு மெல்ல மெல்லப் பயமாக மாறுவதைக் கேட்கலாம். போனில் வருவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும், நமக்கும் அவ்வளவுதான் தெரியும். இதில் எந்தப் படம் குறைகிறது? 1948-இல் அதைத் திரைப்படமாக எடுத்தபோது அந்த அறையை விட்டு வெளியே வந்து பழைய கதைகளையெல்லாம் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு நாடகம் கொடுத்த பயத்தில் பாதியைக்கூடப் படம் கொடுக்கவில்லை.

எனக்கு ஆங்கிலம் கற்பித்த ஆசிரியருக்கு முதுமையில் பார்வை போய்விட்டது. தொலைக்காட்சியில் படம் ஓடினால் “இப்ப யார் உள்ளே வந்தது?” என்று கேட்பார். நாலைந்து முறை கேட்டபின் கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். அவருக்கு ‘கன்ஸ்மோக்’ போட்டுக் காட்டினேன். 1952 முதல் 1961 வரை வானொலியில் வந்த கௌபாய் கதைத் தொடர், ஊரின் சட்டம் ஒழுங்கைக் காக்கும் மார்ஷல் மேட் டில்லனாக நடிகர் வில்லியம் கான்ராட். ஒரு கேள்விகூட வரவில்லை. நடுவில் விரலைத் தூக்கி என்னை அசையாமல் இருக்கச் சொன்னார். “குதிரையை விட்டு இறங்கிட்டான். ஆனா கதவைத் தட்டலை பார்.” அதற்குப் பிறகுதான் அந்த மௌனம் என் காதில் விழுந்தது. அவ்வளவு நேரமும் நான் வசனத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த மௌனத்தைத்தான் எஸ்., நீங்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் நசுக்குகிறீர்கள். ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு நொடி நொடியாக அளந்து போட்டது அது. பலகை நடைபாதையில் டில்லனின் பூட்ஸ் சத்தம் கேட்கும், கூடவே குதிரையை முடுக்கக் குதிகாலில் மாட்டிய குதிமுள்ளின் கிணுகிணுப்பு. களைத்துப்போன ஒருவன் விருப்பமில்லாத வேலைக்குப் போகிற நடை. உங்கள் போனில் அவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறான். கோபம் வருகிறது எனக்கு. அரை மணி நேரம், அதிலும் விளம்பரம் போக இன்னும் குறைவு, அதைக்கூட ஒரு கலைக்குக் கொடுக்க முடியாதா?

பட்டியலெல்லாம் தர மாட்டேன். ஃப்ளெச்சரின் நாடகம் ஒன்று போதும். வேலை முடிந்தபின், ஹெட்போன் மாட்டி, அதன் சொந்த வேகத்தில் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.