தோட்டத்து மண் அமிலமா, காரமா? கேள்வி பதில்

பல்லடம் பக்கம் எங்கள் வீடு, அக்கா. மண்ணில் வினிகர் விட்டதும் நுரைத்துப் பொங்கியது. அமில மண்தானே?

இல்லம்மா, நேர் எதிர். வினிகருக்குப் பொங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. பிஎச் (அமில, கார அளவு; 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்) பெரும்பாலும் 7.5-க்கு மேல். உங்கள் பக்கம் கடப்பாரை போட்டாலே சுக்கான்கல் (சுண்ணாம்புக் கட்டி) வருமே, அதன் வேலைதான். பொங்காத மண்ணெல்லாம் அமிலம் என்றும் நினைக்க வேண்டாம். ஈர மண்ணில் சமையல் சோடா தூவும் சோதனை கடும் அமில மண்ணுக்கு மட்டுமே நுரைக்கும்.

மண்ணைச் சோதிக்க மஞ்சள்தூள் தடவிய தாள் நல்லதா, செம்பருத்திச் சாறா?

மஞ்சள் காரத்துக்கு மட்டும்தான் சிவக்கும், அமிலத்துக்கு அசையாது. சிவப்புச் செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு அமிலத்தில் இளஞ்சிவப்பாகும், காரத்தில் பச்சையாகும். ஆனால் நம் மண்ணெல்லாம் நடுவில் நிற்பவை. அந்த நிறத்தை ஆளுக்கொன்றாகச் சொல்வார்கள். பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல விளையாட்டு. முடிவெடுக்க பிஎச் தாள் வாங்குங்கள்.

தாளை எப்படிப் பயன்படுத்துவது? போர் தண்ணீர் போதுமா சார்?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். உப்புத் தண்ணீரில் கரைத்தால் மண்ணை அல்ல, உங்கள் போரைத்தான் சோதிக்கிறீர்கள். பெட்ரோல் பங்க்கில் விற்கும், உப்பு நீக்கிய பேட்டரி தண்ணீர் வாங்குங்கள் (பேட்டரி ஆசிட் அல்ல, கவனம்). நிழலில் உலர்த்திச் சலித்த மண் 20 கிராம், தண்ணீர் 50 மில்லி. அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, தெளியவிட்டு, மேல் நீரில் தாளை நனைத்து அட்டையோடு ஒப்பிடுங்கள். பேட்டரியே இல்லாத, மண்ணில் குத்தும் மீட்டரை நம்பாதீர்கள். ஈரம் மாறினாலே முள் இடம் மாறும்.

கோத்தகிரியில் எங்கள் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கிறது. பக்கத்து வீட்டில் ரோஸ் நிறம். மண்தான் காரணமா?

ஆமாம். பிஎச் 5.5-க்குக் கீழே உள்ள அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். அந்த வீட்டில் சுண்ணாம்பு போட்டிருப்பார்கள். வெள்ளை ரகத்தில் இந்த மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எலுமிச்சைத் தளிர் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது. முட்டை ஓடும் சாம்பலும் போட்டும் தேறவில்லை அண்ணா. பிஎச் தாள் 8 காட்டுகிறது.

இரண்டையும் முதலில் நிறுத்துங்கள். இரண்டுமே மண்ணை மேலும் காரமாக்குபவை. இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கும், காரத்தில் கரையாததால் வேருக்கு எட்டாது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மாலையில் இலை மேல் தெளியுங்கள். கந்தகத் தூள் பிஎச்சைக் குறைக்கும்தான். நுண்ணுயிர்கள் அதை அமிலமாக்க மாதக்கணக்கில் ஆகும், சுக்கான் மண்ணில் போட்டுக் கட்டுப்படியாகாது. தொட்டிச் செடி என்றால் மண் கலவையையே மாற்றிவிடுவது மலிவு.

ஆய்வகத்துக்கு எவ்வளவு மண் கொடுக்க வேண்டும்?

அரைக் கிலோ. 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவக் குழி எடுத்து, பக்கவாட்டில் சுரண்டி எடுங்கள். பல இடத்து மண்ணைக் கலந்து கொடுங்கள். எருக்குழி ஓரத்திலும், உரம் போட்ட சூட்டோடும் எடுக்க வேண்டாம்.