முகாம் சர்டிபிகேட் கேஸை முடிக்குமா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிறேன். பத்தாவது முடித்த 16 வயது மகன் மேலே படிக்காமல் ஏரியா 'அண்ணன்' ஒருவர் பின்னால் சுற்றுகிறான். ஒரு அடிதடியில் போலீஸ் பிடித்தது. இளைஞர் நீதிக் குழுமம் பெயிலில் விட்டது. 40,000 ரூபாய் கட்டினால் ஆறு மாத 'தலைமைப் பண்பு, அகிம்சை' முகாம் சர்டிபிகேட் கிடைக்கும், கேஸே இருக்காது என்கிறார் ஒருவர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. முன்பணம் கொடுத்திருந்தால் முதலில் அதைத் திருப்பி வாங்குங்கள்.

கேஸை முடிக்க வேண்டியது குழுமம்: ஒரு மாஜிஸ்திரேட், இரண்டு சமூகப் பணியாளர்கள். ஒருநாள் அங்கே மூன்று பையன்கள் அடுத்தடுத்து ஒரே மாதிரி தங்க பார்டர் சர்டிபிகேட்டை நீட்டினார்கள். மூன்றிலும் ஒரே தேதி, 'அகிம்சை' என்பதில் ஒரே எழுத்துப்பிழை. முகாமில் என்னப்பா சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டால், "குரூப் போட்டோ எடுத்தாங்க சார்" என்றான் ஒருவன். இந்தத் தரகர்கள் கோர்ட் வாசல் டீக்கடையில்தான் நிற்பார்கள்; அழுத முகத்தைப் பார்த்தே ரேட்டை ஏற்றுவார்கள். வக்கீலைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு எல்லாவற்றுக்கும் குழுமமே உத்தரவிடலாம், காசில்லாமல்.

நல்ல திட்டங்களே இல்லையா? பள்ளிப் பிள்ளைகள் தப்பு வழியில் போகாமல் தடுக்கும் சென்னை போலீஸின் 'சிற்பி' திட்டம் 2022-ல் 100 பள்ளிகளில் தொடங்கியது. ஆனால் அது எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. இன்னொரு திட்டமான 'பறவை', 18 வயது தாண்டி முதல்முறை சிறைக்குப் போனவர்களைத் திருத்த. நடுவில் நிற்கும் உங்கள் மகனுக்கு இரண்டிலும் இடமில்லை. அவனைத்தான் அண்ணன் பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சேர்த்துக்கொள்கிறார். சிறுவர்களை இப்படிக் குற்றத்துக்குப் பயன்படுத்துகிறவருக்கு 7 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் அபராதம் என்று 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தப் பிரிவைப் போலீஸ் எழுதி நான் பார்த்தது அபூர்வம்.

பக்கத்தில் காவல்துறையின் சிறுவர் சிறுமியர் மன்றம் இருந்தால் விசாரியுங்கள். இல்லையா, ஒரு பாக்ஸிங் மாஸ்டர் போதும். அடிக்கக் கற்றுக்கொடுப்பதா அகிம்சை என்று கேட்காதீர்கள். விடியற்காலை ஐந்தரைக்குக் கிரவுண்டில் நிற்க வேண்டியவன் நள்ளிரவில் பைக்கில் சுற்ற மாட்டான். பகலுக்கு அரசு ஐ.டி.ஐ.; மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

ஒன்றை மட்டும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். சிறாருக்கு பெயில்தான் விதி. விதிவிலக்கு அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது: வெளியே விட்டால் தெரிந்த குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான் என்று நம்பக் காரணம் இருந்தால் மறுக்கலாம். குற்றம் சின்னதாக இருந்தாலும் சரி, சேர்க்கையைப் பார்ப்பார்கள். அடுத்த முறை வெறும் செல்போன் தகராறுதான் என்றாலும், அண்ணன் பட்டாக்கத்தியால் பிறந்தநாள் கேக் வெட்டும் ரீல்ஸில் இவன் பக்கத்தில் நின்றால் கேஸில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்ப அது காரணமாகிவிடும். எனவே விலகிவிட்டான் என்பதற்கு அத்தாட்சி சேருங்கள்: ஐ.டி.ஐ. வருகைப் பதிவு, மாஸ்டரின் கடிதம். ஊரில் தாய்மாமன் வீட்டுக்கு அனுப்புவதானால் குழுமத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். இல்லையென்றால் தலைமறைவு என்று எழுதிவிடுவார்கள்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தர வேண்டும். வருவார் என்று காத்திருக்காதீர்கள். அவர் மேஜையில் ஃபைல் மலையாகக் குவிந்திருக்கும். நீங்களே மகனோடு போய்ப் பாருங்கள். வாய்தாவுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் ஒரிஜினலை எடுத்துப் போங்கள். வயதுக்கு ஆதார் அட்டையை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.